மொரீஷியஸ் மான் வேட்டை: வேட்டையா, மேடையேறிச் சுடுவதா?

3 ஜூலை 2024 — வாசகர் ஒருவரின் கேள்வி

சனிக்கிழமை மான் வேட்டைக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தவரை உங்கள் தீவில் மானெல்லாம் வேலி போட்ட நிலத்தில்தான். முதலாளிமார் மேடையில் ஏறி உட்கார்ந்து கொள்வார்கள், கூலியாட்கள் விரட்டிக் கொண்டுவருவார்கள், இவர்கள் சுடுவார்கள். கோழிப்பண்ணைக்குள் கல்லெறிவது போன்ற இந்தக் காரியத்துக்கு வேட்டை என்று பெயரா?

3 ஜூலை, இரவு

பாதி உண்மை. மேடை உண்டு, இங்கே மிராடோர் என்போம். மரத்திலோ இரும்பிலோ கட்டி, ஏணி வைத்து ஏறுவது. ஆள் வைத்துக் காடு கலைப்பதும் உண்டு. வேலியும் பல இடங்களில் உண்டு. ஆனால் ஷாஸே எனப்படும் வேட்டை நிலங்கள் மலைச்சரிவும் ஓடையும் கொய்யாப் புதருமாகப் பெரிய பரப்பு. சீனக் கொய்யா அடர்ந்த இடத்தில் மான் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியாது. வேலி, மான் எதுவரை ஓடும் என்பதைச் சொல்லும். எங்கே நிற்கிறது என்று சொல்லாது.

மேடை இருப்பது சொகுசுக்காக இல்லை. மேலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் குறி தவறினாலும் தோட்டா மண்ணில் போய்ப் புதையும். தரையில் நின்று சுட்டால் அது புதரைத் துளைத்துக்கொண்டு எங்கே போகும், யார் மேல் படும் என்று யாருக்குத் தெரியும்? காடு கலைப்பவர்கள் எதிரே வந்துகொண்டிருப்பார்கள். என் தாத்தா அப்படி எதிரே வந்தவர். கையில் தடி, தொண்டையில் கூச்சல், மாலையில் கூலியாக ஒரு துண்டு இறைச்சி. அந்தக் காலத்தில் மேடை மேல் நம்மவர்கள் யாரும் இருந்ததில்லை. அதனால் நீங்கள் 'முதலாளிமார்' என்று சொன்னதை நான் மறுக்கப் போவதில்லை.

சனிக்கிழமை போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

6 ஜூலை, மாலை

கிடைத்தது. ஒரு பெண் மான். நல்ல சாவு. இறைச்சியைக் குளிரில் தொங்கவிட்டுவிட்டு வந்திருக்கிறேன். கண் சொக்குகிறது, மீதி நாளைக்கு.

7 ஜூலை, காலை

வேட்டைக்கு முந்தின நாள் அமாவாசை. வீட்டில் சைவம். அம்மா முன்னால் வேட்டைப் பேச்சே எடுக்கக் கூடாது, துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைப்பதுகூட வீட்டுக்குப் பின்னால்தான். ஆனால் வேட்டைக்காரனுக்கு அமாவாசை நல்ல நாள். நிலா வெளிச்சம் இருந்தால் மான் இரவெல்லாம் மேய்ந்துவிட்டு, விடியும்போது அடர்ந்த இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும், இருட்டு இரவானால் விடிந்த பிறகும் கொஞ்ச நேரம் மேயும் என்பது மாமாவின் கணக்கு. புத்தகத்தில் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், மாமாவிடம் இருக்கிறது.

ரோஸ் ஹில் ஊரிலிருந்து மாமாவும் நானும் இருட்டோடு கிளம்பினோம். தமாரின் தாண்டி, பிளாக் ரிவர் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு ஷாஸே. குளிர்காலம், ஏழு மணிக்குச் சற்று முன்புதான் சூரியன் எழும். வாசலில் துப்பாக்கி உரிமத்தைக் காட்டியதும் மேடைகளுக்குச் சீட்டுப் போட்டார்கள். அப்புறம் தலைவர் வழக்கமான பாடத்தைச் சொன்னார்: பக்கத்து மேடைத் திசையில் குழல் திரும்பக் கூடாது. வானத்தைப் பின்னணியாக வைத்துச் சுடக் கூடாது. ஊதல் கேட்டபின் தோட்டாவை எடுத்துவிட வேண்டும். ஊதல் கேட்காமல் மேடையை விட்டு இறங்கவே கூடாது. காலை வேளையில் அவரவர் மேடையிலிருந்து சும்மா காத்திருப்பது, வெயில் ஏறிய பின்தான் காடு கலைப்பது என்று ஏற்பாடு.

எங்கள் மேடை ஓடைக்கு மேலே, ஒரு வாகை மரத்தை ஒட்டி இருந்தது. இங்கே அதைக் கறுப்பு மரம் என்று பிரெஞ்சில் சொல்வார்கள். உதிரும் வாகைக் காய்க்கு மான் வரும். ஏறும் முன் மாமா சட்டைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். ஒரு சிட்டிகை நெற்றிக்கு, இன்னொரு சிட்டிகை காற்றுக்கு. விரலிலிருந்து விட்ட பொடி எங்கள் முகத்தை நோக்கி வந்தது. நாம் பார்க்கப்போகும் பக்கத்திலிருந்து காற்று வருகிறது, நல்லது. தீவுக்குக் குளிர்காலக் காற்று தென்கிழக்கிலிருந்து வரும், ஆனால் மேற்குப் பக்கத்தில் மலை தடுத்து ஓடைகளுக்குள் சுழலும். இங்கே திசைகாட்டியை நம்பினால் வேலைக்காகாது, பொடியைத்தான் நம்ப வேண்டும்.

வெளிச்சம் வருவதற்கு முன் கௌதாரி கூவ ஆரம்பித்தது. ஆமாம், நம் ஊர்க் கௌதாரியேதான். இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அதன் அறிவியல் பெயரிலேயே பாண்டிச்சேரி இருக்கிறது, போர்ட் லூயிஸ் கட்ட வந்த பழைய தமிழ்க் கொத்தனார்களைப் போல.

முதலில் வந்தது ஒரு பெரிய ஆண். குரலைக் கேட்டுவிட்டுத்தான் பார்த்தோம், கனமான, கரகரத்த குரல். இணை சேரும் பருவம், கழுத்து வீங்கி மயிர் சிலிர்த்து நின்றது. ஒவ்வொரு கொம்பிலும் மூன்று முனை. இடது கொம்பில் ஈரப் புல் ஒரு கத்தை சிக்கித் தொங்கியது, ஒரு பெரணி இலை கண்ணுக்கு மேல் ஆடியது. தற்செயலாகச் சிக்கியதல்ல. இந்த ஆண் மான்கள் பருவத்தில் புதரில் கொம்பைக் குத்திப் புரட்டிப் புல்லைச் சூடிக்கொள்ளும். வேர் மண்கூடக் கொம்பிலிருந்து உதிர்ந்தது. அது மேட்டின் முகட்டில் நின்றது, பின்னால் வெறும் வானம். மாமா ஒன்றும் சொல்லவில்லை, என் முழங்காலில் கை வைத்தார், அவ்வளவுதான். அது திரும்பி அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டது.

பிறகு பெண் மான்கள் ஒரு கூட்டமாக வந்தன. முன்னால் ஒரு கிழவி. நாலடி நடக்கும், நிற்கும், காதைத் திருப்பும், மறுபடி நாலடி. அதைச் சுட்டால் கூட்டமே வழி தெரியாமல் போகும். அதன் பின்னால் வந்தவற்றில் இரண்டுக்குக் குட்டி ஒட்டிக்கொண்டு வந்தது. மார்ச், ஏப்ரலில் பிறந்தவை, இன்னும் தாயை விட்டுப் பிரியாத வயசு. கடைசியாக வந்ததற்குக் குட்டி இல்லை. உடம்பு பளபளப்பாக, மடி ஒட்டி இருந்தது. இருந்தாலும் உடனே சுடக் கூடாது, குட்டி புதருக்குள் பின்தங்கி இருக்கலாம். காத்திருந்தோம். ஒரு குரங்கு எங்கோ கத்த, எல்லாம் தலை தூக்கின. நான் மூச்சை விட்டுவிட்டு அரை மூச்சில் நின்றேன். குட்டி எதுவும் வரவில்லை. அது பக்கவாட்டில் திரும்பி, முன்காலை ஓரடி முன்னே வைத்தது. காலுக்குப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி.

ஒரே வெடி. அது துள்ளி ஓடியது. மற்றவை ஊளைபோல ஒரு சத்தம் போட்டுக்கொண்டு ஓடைக்குள் மறைந்தன.

இங்கேதான் பலர் கெடுக்கிறார்கள், உடனே ஓடிப்போய்த் தேடுவார்கள். அடிபட்ட மான் ஆள் வருவது தெரிந்தால் கடைசிப் பலத்தில் வெகுதூரம் போய்விடும். தொந்தரவு செய்யாவிட்டால் அருகிலேயே படுத்துவிடும். ஊதல் கேட்கும்வரை மேடையிலேயே இருந்தோம். பிறகு இறங்கிப் போய்ப் பார்த்தால் புல்லில் இளஞ்சிவப்பாக, நுரையோடு இரத்தம். நுரை என்றால் நுரையீரல், நிம்மதி. கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல், இன்னும் காத்திருக்க வேண்டும். பச்சையாக, நாற்றத்தோடு இருந்தால் வயிறு. அன்றைய பொழுது போச்சு, நாயைக் கூப்பிட வேண்டும். கொய்யாப் புதருக்கு வெளியிலேயே அது கிடந்தது. முதுகுப் பக்கமாகப் போய் நீளமான குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்த்தோம். இமை அசையவில்லை.

7 ஜூலை, மதியம்

"பெரிய ஆணை விட்டுவிட்டுப் பெண்ணைச் சுட்டீர்களே, பாவம் இல்லையா?" என்று ஒருவர். இன்னொருவர், கொம்பில்லாத மானை வைத்து எதைச் சுவரில் மாட்டுவது என்று கேட்டிருக்கிறார். சுவரில் ஏற்கெனவே முருகன் படம் இருக்கிறது, இடமில்லை.

பாவம் பற்றி: இந்தத் தீவில் மானைத் தின்னும் மிருகம் ஒன்றுகூட இல்லை. புலி இல்லை, செந்நாய் இல்லை. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது புல் பஞ்சமும் புயலும் துப்பாக்கியும்தான். ஆண்களை மட்டும் சுட்டால் கூட்டம் குறையாது, ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். பெண்ணில் ஒரு பங்கை எடுத்தால்தான் அடுத்த ஆண்டு புல் போதும். கொம்புக்காக வருகிறவர்கள் இந்த வேலையைச் செய்ய மாட்டார்கள், எங்களைப் போன்ற விருந்தாளிகள் தலையில் கட்டுவார்கள். எங்களுக்கும் கறிதான் முக்கியம், இளம் பெண் மானின் கறி பருவத்து ஆணின் கறியைவிட எவ்வளவோ மேல். இணை தேடி அலையும் ஆணின் நாற்றம் குழம்பில் போகாது.

8 ஜூலை

குடல் எடுப்பது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாக: சீக்கிரம் செய்யுங்கள், அவ்வளவுதான். குளிர்காலமானாலும் கீழ்ச்சரிவில் வெயில் வந்துவிட்டால் ஈ மொய்க்கும். கத்தியின் கூர் வெளிப்பக்கம் பார்க்க, இரண்டு விரல் நடுவில் வைத்துத் தோலைக் கிழிக்க வேண்டும். உள்பக்கம் பார்த்தால் இரைப்பை கிழிந்து எல்லாம் பாழ். ஈரலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். புள்ளி, கட்டி, வெள்ளைக் கோடு இருந்தால் சாப்பிடாதீர்கள்.

9 ஜூலை

எதிர்பார்த்தது வந்துவிட்டது. "காவடி எடுக்கிற ஆள் மான் சுடலாமா?"

தைப்பூச விரதத்தில் சுட மாட்டேன், தின்னவும் மாட்டேன். தைப்பூசம் ஜனவரி, பிப்ரவரியில் வரும், வேட்டைப் பருவம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, இரண்டும் மோதுவதில்லை. மற்றபடி, முருகன் வள்ளியிடம் எந்த வேடத்தில் போனான்? வேடன் வேடத்தில், தப்பி ஓடிய மிருகத்தைத் தேடுகிற சாக்கில். வள்ளியை வளர்த்தவர் வேடர் தலைவர். சரி, வள்ளியைப் பெற்றது மான் என்று நீங்கள் பதில் சொல்வீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, மாமாவிடமும் இல்லை. அதனால்தான் சுட்ட பிறகு அவர் அதன் வாயில் ஒரு புல்லை வைப்பார். அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று நான் கேட்டதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதெல்லாம் சிறைக்குப் போகும் காரியம். இங்கே நடப்பதைப் படித்துவிட்டு யாரும் கொல்லிமலைக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

10 ஜூலை

வாசகர் ஒருவர் மானைப் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்ததாக எழுதியிருக்கிறார். இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1715இல்தான் வந்தார்கள். மான் அதற்கு வெகு முன்பே, 1639இல், டச்சுக் கவர்னர் அட்ரியான் வான் டெர் ஸ்டெல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்தது. பெயர் ரூசா, நம் ஊர்க் கடமானுக்குத் தம்பி முறை. அதே ஆள்தான் அதே காலத்தில் கரும்பையும் கொண்டுவந்தார். அதாவது நம் முன்னோர்கள் 1834க்குப் பிறகு கப்பலேறி வந்து முதுகொடிய வெட்டிய பயிரும், அவர்கள் கூச்சல் போட்டு விரட்டிய மிருகமும் ஒரே ஆளின் கைங்கரியம். அவர் மகன் சைமன் பிறந்ததும் 1639தான், பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் கேப் கவர்னர் ஆனவர். நேட்டாலிலிருந்து இதைப் படிக்கும் நண்பர்கள் கவனிக்கவும், உங்கள் பக்கத்துக் கணக்கிலும் இந்தக் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

டச்சுக்காரர்கள் 1710இல் தீவை விட்டுப் போனார்கள். டோடோ அவர்கள் இருக்கும்போதே ஒழிந்துவிட்டது, மான் தங்கிவிட்டது. இன்றைக்குச் சொந்த மண்ணான இந்தோனேசியாவில் ரூசா அழியும் ஆபத்துள்ள பட்டியலில் இருக்கிறது, இங்கே நாங்கள் எண்ணிக்கையைக் குறைக்க மல்லுக்கட்டுகிறோம்.

14 ஜூலை

கறி. இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், நியாயம்தான்.

இறைச்சியை வினிகரில் இரவு முழுக்க ஊறவைக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். அது பருவத்து ஆணின் நாற்றத்தை மறைக்கக் கண்டுபிடித்த வழி. நல்ல பெண் மானுக்கு அவமானம். மான் கறியில் கொழுப்பு மிகக் குறைவு, அதனால் தொடையை அதிக நேரம் வேகவைத்தால் நாராகிவிடும். குழம்புக்கு முன்காலும் கழுத்தும்தான். அம்மியில் மல்லி, சீரகம், மிளகு, மிளகாய், மஞ்சள் அரைத்தது. வெங்காயம், இஞ்சி, பூண்டு வதங்கிய பின் மசாலாவைப் போட்டு எண்ணெய் பிரியும்வரை கிளற வேண்டும். அப்புறம் கறி, அப்புறம் தக்காளி. கறிவேப்பிலையோடு ஒரு கொத்து தைம் இலையும் போடுவோம், அது இல்லாமல் இந்தத் தீவில் யாரும் குழம்பு வைப்பதில்லை. சிறு தீயில் மூடி, எலும்பிலிருந்து சதை கழலும்வரை. பக்கத்தில் சோறு, பருப்பு, கீரை ரசம், தக்காளிச் சட்னி.

அம்மா சமைப்பதில்லை, ஆனால் வாசனையை வைத்தே உப்பு குறைவு என்று அடுத்த அறையிலிருந்து சொல்லிவிடுவார்.

இந்தத் தீவில் மான் கறிக்கு இன்னொரு மரியாதை உண்டு. கல்யாண வீட்டில், அலுவலக விருந்தில் மாடு வைத்தால் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள், பன்றி வைத்தால் மீதிப் பேர். மானுக்கு யாரும் எழுவதில்லை. முஸ்லிம் வேட்டைக்காரர்கள் பிஸ்மில்லா சொல்லிச் சுடுவார்கள், உயிர் இருந்தால் அறுத்துவிடுவார்கள்.

14 ஜூலை, இரவு

சட்னியில் பச்சை மிளகாய் எத்தனை என்று கேட்ட நண்பருக்கு: உங்கள் வயிற்றைக் கேளுங்கள்.

21 ஜூலை

வேலி விஷயத்துக்குத் திரும்புகிறேன், முதல் கேள்வி மனசிலேயே நிற்கிறது. 3ஆம் தேதி நான் சொன்னது மலைக்காட்டு ஷாஸேக்களுக்குப் பொருந்தும். ஆனால் புல் விதைத்து, தீவனம் போட்டு, சின்னச் சின்ன வேலிக்குள் மானை அடைத்து வளர்க்கும் பண்ணைகளும் இங்கே உண்டு. கடையில் கிடைக்கும் மான் கறியில் நிறைய அங்கிருந்து வருவது. அங்கே ஆண்டுக் கணக்குப்படி சுட்டுக் கழிக்கிறார்கள். அதை வேட்டை என்று சொல்ல மாட்டேன், அது அறுப்பு. தப்பில்லை, கறிக்கடை வேலை. ஆனால் அந்தப் பண்ணையில் ஒரு வெளிநாட்டுக்காரர் பெரிய கொம்புக்குப் பணம் கட்டி, ஜீப்பிலிருந்து சுட்டுப் படம் எடுத்துக்கொள்வதை வேட்டை என்று விற்றால், அப்போது உங்கள் பக்கம்தான் நான்.

இதற்கு நேர் எதிரான வேலி ஒன்றும் உண்டு. பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்கா, 1994இல் அறிவிக்கப்பட்டது, 6,500 ஹெக்டேருக்கு மேல். அங்கே யாரும் போய் வேட்டையாட முடியாது. ஆனால் அதற்குள் சில இடங்களை வேலி போட்டு அடைத்திருக்கிறார்கள், பிரிஸ் ஃபேர் பக்கம் போனால் பார்க்கலாம். அந்த வேலிக்குள் இருப்பது மரம், வெளியே நிற்பது மான். தீவின் பழைய காட்டில் நல்ல நிலையில் மிஞ்சியிருப்பது 2 சதவீதம்கூட இல்லை. கருங்காலிக் கன்று முளைத்தால் மான் மேய்ந்துவிடும், பன்றி தோண்டிவிடும், மிச்ச இடத்தைக் கொய்யா மூடிவிடும். வேலிக்குள் கொய்யாவைப் பிடுங்கிச் சுத்தம் செய்தால்தான் கன்று தலை தூக்குகிறது.

ஆக, மான்மீது இரக்கப்படுகிறவர் அந்த வேலி ஓரமாக ஒருமுறை நடந்து இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும். நான் பார்த்த பிறகு பெண் மானைச் சுடத் தயங்குவதில்லை.

4 ஆகஸ்ட்

காடு கலைப்பு நாளும் போய் வந்தேன். இம்முறை மேடையில் இல்லை, வேண்டுமென்றே கீழே, வரிசையில். தாத்தா செய்ததைச் செய்து பார்க்கும் ஆசை. காது கிழியக் கத்திக்கொண்டு, பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடையோடு, பக்கத்து ஆளின் குரலை அளவாக வைத்து வரிசை கலையாமல் கொய்யாவுக்குள் நடக்க வேண்டும். ஒருவன் முந்தினாலும் பிந்தினாலும் அந்த இடைவெளியில் மான் பின்பக்கம் நழுவிவிடும். நழுவவும் செய்தது, என் வலப்பக்கம், ஒரு பெரிய ஆண். இத்தனை சத்தத்திலும் வயிறு தரையில் படப் பதுங்கிக் கிடந்துவிட்டு, வரிசை கடந்ததும் எழுந்து நிதானமாகப் போனது. மேடையில் இருப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. அவர்கள் "இன்றைக்கு மான் குறைவு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் தொண்டை போய்விட்டது. மாமாவுக்கு ஒரே சந்தோஷம்.

22 செப்டம்பர்

புரட்டாசி பிறந்துவிட்டது. வீட்டில் கோவிந்தா விரதம், குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு தொடை பாக்கி. அம்மா அந்தத் தட்டைத் துணி போட்டு மூடி, மேலே மாவிலை வைத்திருக்கிறார். தொடையைக் கிறிஸ்தவப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம் என்றேன். "மாதம் முடியட்டும், அது எங்கேயும் ஓடாது" என்கிறார் சைவக்காரர்.

அடுத்த பருவத்தில் வந்து பார்க்கலாமா என்று முதல் கேள்வி கேட்ட நண்பரே கேட்டிருக்கிறார். தாராளமாக. துப்பாக்கி உரிமம் எல்லாம் போலீஸ் வழியாக, நிறையத் தாள். அதனால் கலைப்பு வரிசையில் வாருங்கள், அதற்கு நில உரிமையாளரின் அனுமதி போதும், நான் கேட்டு வாங்குகிறேன். அடிப்பாகம் கெட்டியான பூட்ஸ் கொண்டு வாருங்கள். போன ஆண்டு வெட்டிய கொய்யாக் கட்டைகள் ஈட்டி மாதிரி நிற்கும், ரப்பர் செருப்போடு வந்த ஒருவரை ஆகஸ்டில் தூக்கிக்கொண்டுதான் இறங்கினோம்.